பெட்டி இல்லாமல் அடக்கம் செய்ய எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்குமா?

கேள்வி:

ஐயா, திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் வசிக்கிறேன். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம் நகராட்சி நிலத்தில் இருக்கிறது. மூன்று சபைகளைச் சேர்ந்தவர்கள் பொதுவாகப் பயன்படுத்துகிறோம். ஒரு நிர்வாகக் குழு கவனித்துக்கொள்கிறது. என் அம்மாவுக்கு 81 வயது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். நல்ல தெளிவோடு இருக்கிறார். தான் இறந்தால் சவப்பெட்டி வேண்டாம், சிமென்ட் கல்லறை வேண்டாம், பருத்திப் புடவையில் சுற்றி, கல்லறைத் தோட்டத்து வேப்பமரத்தின் அடியில் நேரடியாக மண்ணில் வைத்து மூடிவிட வேண்டும் என்கிறார்.

குழுவிடம் கேட்டேன். பெட்டி கட்டாயம், குழிக்குள் செங்கல் கட்டி மேலே கான்கிரீட் பலகை போடுவதும் கட்டாயம் என்று விதி இருக்கிறதாம். பெட்டி இல்லாமல் புதைக்கச் சட்டம் அனுமதிக்காது என்றார் ஒருவர். தோட்டத்தின் கிழக்கு ஓரம் கண்மாயை ஒட்டியிருக்கிறது, தண்ணீர் கெட்டுப்போகும், நாய் தோண்டும் என்றார் இன்னொருவர். “அநாதைப் பிணம் போலவா அம்மாவைப் புதைக்கப் போகிறீர்கள்?” என்று மூத்த உறுப்பினர் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார். அவர் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க வேண்டுமே என்ற கவலையும் இருக்கிறது. அம்மாவின் விருப்பத்தை நிறைவேற்ற வழி உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில் (ஓய்வுபெற்ற நகராட்சி சுகாதார அலுவலர்):

அன்புச் சகோதரிக்கு,

வழி இருக்கிறது. அம்மா தெளிவோடு இருக்கும்போதே கேட்டுவிட்டீர்கள் என்பதால் அவகாசமும் இருக்கிறது. இறப்பு நடந்த வீட்டில், பந்தல் போட்டு உறவினர்கள் கூடியிருக்கும் நேரத்தில் இந்தப் பேச்சை எடுத்திருந்தால் எந்தக் குழுவும் “வழக்கப்படியே செய்துவிடுவோம்” என்றுதான் சொல்லியிருக்கும்.

மூத்த உறுப்பினர் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற இரண்டு ஆட்சேபங்களுக்கும் காகிதத்தையும் அளவு நாடாவையும் வைத்துப் பதில் சொல்லிவிடலாம். இதற்கு அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் குழுவின் முடிவு இதைப் பொறுத்துத்தான் அமையும். பணியில் இருந்த காலத்தில், உரிமை கோர ஆளில்லாத உடல்களை அடக்கம் செய்வதை நான் மேற்பார்வையிட்டிருக்கிறேன். காவல் நிலையத்துக் கடிதம் ஒன்று வரும். பிணவறையிலிருந்து ஒரு வண்டி வரும். சுற்றிய துணி, அவசரமாக வெட்டிய குழி. ஜெபம் கிடையாது, பெயர் கிடையாது, ஒரு பிடி மண் போட ஆள் கிடையாது. அந்தப் பெரியவரின் மனத்தில் இருப்பது இந்தக் காட்சிதான். துணி என்றதும் அவருக்கு அது நினைவுக்கு வருகிறது. அவர் மேல் கோபப்படாதீர்கள். உங்கள் அம்மாவின் மரியாதைக்காகத்தான் அவர் பேசுகிறார். அந்த அடக்கத்தை அநாதை அடக்கம் ஆக்கியது துணியா, கூட நிற்க ஆளில்லாமல் போனதா என்று அவரிடமே அமைதியாகக் கேளுங்கள். தலைமுறை தலைமுறையாக அம்மாவிடம் படித்தவர்கள் உங்கள் ஊர் முழுக்க இருப்பார்கள். அவர்கள் சுற்றி நிற்கும்போது அதை யாரும் அநாதை அடக்கம் என்று சொல்லப் போவதில்லை.

வேத புத்தகத்தைக் கொண்டும் அவரிடம் பேசலாம். இயேசுவின் உடலைப் பெட்டியில் வைத்ததாக எந்த நற்செய்தியும் சொல்லவில்லை. யூதர்களின் முறைப்படி, நறுமணப் பொருள்களோடு துணியில் சுற்றி அடக்கம் செய்தார்கள் என்றுதான் யோவான் நற்செய்தி சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்திலும் பெட்டி கட்டாயம் என்ற நிபந்தனை கிடையாது. கேரளத்தில், ஆலப்புழை மாவட்டம் அர்த்துங்கலில் உள்ள புனித ஜார்ஜ் ஆலயத்தில் அண்மை ஆண்டுகளில் பெட்டியை விட்டுவிட்டுத் துணியில் சுற்றி அடக்கம் செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். கடற்கரை மணலில் பழைய குழிகளைத் திறந்தபோது பெட்டியோடு போன பிளாஸ்டிக் பொருள்கள் மக்காமல் கிடந்ததுதான் காரணம். மும்பைக்கு வடக்கே வசாய் மறைமாவட்டத்திலும் இந்த முறைக்கு மாறிய பங்குகள் உண்டு. உங்கள் சபைகளின் போதகர்களும் பங்குத்தந்தையும் இதையெல்லாம் குழுவில் எடுத்துச் சொன்னால், நீங்கள் சொல்வதைவிட நன்றாக எடுபடும். ஆகவே குழுவுக்குப் போவதற்கு முன்பு அவர்களைப் போய்ப் பாருங்கள்.

இனி சட்டம். தமிழ்நாட்டில் உள்ளாட்சிச் சட்டங்கள் எங்கே புதைக்கலாம், எவ்வளவு ஆழத்தில் புதைக்கலாம், யாரிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதைக் கவனிக்கின்றன. எதில் வைத்துப் புதைக்க வேண்டும் என்பதில் தலையிடுவதில்லை. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. பெட்டியின் மேற்பரப்பு, பெட்டி பயன்படுத்தாவிட்டால் உடலின் மேற்பரப்பு, தரையிலிருந்து ஐந்து அடிக்குக் குறையாத ஆழத்தில் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. பெட்டி இல்லாத அடக்கத்தை அன்றைக்கே சட்டம் எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள். எதிர்பார்க்காமல் எப்படி இருப்பார்கள்? உங்கள் ஊர் மையவாடியில் இஸ்லாமியர்கள் கபன் துணியில் சுற்றித்தான் அடக்கம் செய்கிறார்கள். வீரசைவர்கள் பெட்டியில்லாமல் உட்கார்ந்த நிலையில் அடக்கம் செய்கிறார்கள். இறந்தவரைப் புதைக்கும் வழக்கமுள்ள இந்துக் குடும்பங்களும் நேரடியாக மண்ணில்தான் வைக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் பொருந்தும் சட்டம்தான் உங்கள் தோட்டத்துக்கும்.

அப்படியானால் “விதி” என்று குழு சொல்வது எது? குழுவே வைத்துக்கொண்ட நடைமுறை. அதன் நகலைக் கேளுங்கள். எந்த ஆண்டு, எந்தக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேறியது என்று பாருங்கள். பல இடங்களில் எழுத்தில் எதுவும் இருக்காது; வாசலில் வைத்த பலகை ஒன்றும், பழகிய பழக்கமும்தான் இருக்கும். எழுத்தில் இருந்தாலும் குழு போட்ட தீர்மானத்தைக் குழுவே திருத்தலாம். நிலம் நகராட்சியுடையது என்பதால், நகராட்சி ஆணையருக்கு ஒரு கடிதம் கொடுத்து இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: பெட்டி இல்லாத அடக்கத்துக்குத் தடை ஏதும் இல்லை என்பது ஒன்று, உங்கள் தோட்டத்துக்கு இப்போது பொருந்தும் குழி ஆழமும் குழிகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியும் மற்றொன்று. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே பழைய சட்டத்தின் நகலை வைத்துக்கொண்டு வாதாடாமல், இன்றைய தேதியில் ஒரு பதிலை வாங்குவதே நல்லது. இதற்கு நடுவில் யாராவது ஓர் உறவினர், “எதற்கு இவ்வளவு அலைச்சல், நம் வீட்டுத் தோட்டத்திலேயே வைத்துவிடுவோம்” என்பார். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். உள்ளாட்சி அமைப்பு அனுமதித்த இடத்தில்தான் அடக்கம் செய்ய வேண்டும். மீறினால் தோண்டி எடுக்கும் அளவுக்குப் போய்விடும்.

தண்ணீர் பற்றிய ஆட்சேபத்தை அலட்சியமாகத் தள்ளாதீர்கள். அது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு மருந்தாகச் செங்கல்லும் கான்கிரீட்டும் உதவும் என்று குழு நினைப்பது தவறு. செங்கல் கட்டிய குழி மழைக்காலத்தில் தொட்டியாகிவிடுகிறது. பலகைகளின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கும் நீர் வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. காற்றுப் போகாத, நீர் தேங்கிய இடத்தில் உடல் மக்குவதில்லை. கொழுப்பு வெண்மையான மெழுகுப் பொருளாக மாறி, உடல் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். குடும்பக் கல்லறையை மறுபடி திறக்கும் நாளில், குழி வெட்டுபவர் தலையைத் திருப்பிக்கொண்டு, திறப்பதைத் தள்ளிப்போடச் சொல்லும் நிலை இதனால்தான் வருகிறது. மண்ணே நல்ல வடிகட்டி. மண்ணில் காற்று இருந்தால், அதில் வாழும் நுண்ணுயிர்கள் தம் வேலையைச் செய்துவிடுகின்றன. பெரும்பாலான நோய்க் கிருமிகளும் இறந்த உடலில் நெடுநாள் பிழைப்பதில்லை. குழியின் தரைக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே போதிய உலர்ந்த மண் இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அதை அளந்துவிடலாம். உடலுக்கு மேலே ஐந்து அடி மண் என்றால் குழியின் தரை ஆறு, ஆறரை அடியில் இருக்கும். அதற்குக் கீழே ஒரு மீட்டராவது நீர் ஊறாத மண் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை கேட்கிறது; நான் பின்பற்றுவதும் அதையே. ஆக, மழைக்காலத்தின் உச்சத்தில் உங்கள் தோட்டத்தில் நிலத்தடி நீர் பத்து அடிக்குக் கீழே இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் குழி தோண்டி “பாருங்கள், தண்ணீரே இல்லை” என்று காட்டுவதில் பயனில்லை. வடகிழக்குப் பருவமழை இறங்கிய பிறகு, கார்த்திகை மாதத்தில், கண்மாய் நிரம்பியிருக்கும்போது பாருங்கள். தோட்டத்தின் மேட்டுப் பகுதியில் ஓர் இடம், நடுவில் ஓர் இடம், கிழக்கே கண்மாய்ப் பக்கம் ஓர் இடம் என மூன்று இடங்களில் மண் துளைப்பான் கொண்டு துளையிட்டு, ஒரு நாள் விட்டு, எந்த ஆழத்தில் நீர் நிற்கிறது என்று கயிறு விட்டு அளக்க வேண்டும். அப்போதே மண்ணையும் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் பக்கத்துச் செம்மண் நீரை நன்றாக இறக்கும். கரிசலாக இருந்தால் கோடையில் வெடிப்பு விடும், மழையில் உப்பும். மேலே கூடுதலாக மண் போட்டுப் பராமரிக்க வேண்டியிருக்கும். கிழக்கு ஓரத்தில் நீர் மேலே நின்றால் அந்த வரிசைகளை விட்டுவிடுங்கள். பெட்டியோடு புதைப்பதற்கும் அந்த இடம் ஆகாது என்பதைக் குழு அப்போது புரிந்துகொள்ளும்.

தூரத்துக்கும் கணக்கு உண்டு. தமிழ்நாட்டின் 1999-ஆம் ஆண்டு ஊராட்சி விதிகள் குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டர் என்று வைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் குடிநீர்க் கிணற்றுக்கு 250 மீட்டர், மற்ற நீர்நிலைகளுக்கு 30 மீட்டர். கண்மாயிலிருந்து அளக்கும்போது கோடையில் தண்ணீர் ஒடுங்கிக் கிடக்கும் இடத்திலிருந்து அளக்காதீர்கள். நிறைமட்டத்தில் நீர் தொடும் கரையிலிருந்து அளங்கள். அந்தக் கண்மாய் யாருக்காவது குடிநீர் தருகிறதா, அருகே நகராட்சியின் ஆழ்துளைக் கிணறு இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள்.

மக்காத பொருள் எதுவும் இல்லாமல் உடலை மண்ணில் வைப்பதை இயற்கை அடக்கம் என்கிறார்கள்; வெளிநாடுகளில் அதற்கு மூன்று, நான்கு அடி ஆழம் போதும் என்பார்கள். காற்றும் நுண்ணுயிர்களும் அந்த மேல்மண்ணில்தான் அதிகம் என்பது உண்மையே. இதை எங்காவது படித்துவிட்டு ஆழத்தைக் குறைக்கச் சொல்லிக் குழுவோடு மல்லுக்கட்டாதீர்கள். ஆழ விதியை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். நம் வெப்பத்தில், பெட்டியும் கான்கிரீட்டும் இல்லாவிட்டாலே வேலையில் பெரும்பகுதி நடந்துவிடும். குழியின் தரையில் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த இலைச்சருகும் வைக்கோலும் பரப்புங்கள். உடலைச் சுற்றியும் அதன்மேலும் தோண்டும்போது தனியாக எடுத்து வைத்த மேல்மண்ணைப் போடுங்கள். அடிமண்ணை அதற்குப் பிறகு தள்ளுங்கள். தோண்டும்போதே இரண்டு குவியலாகக் கொட்டச் சொன்னால் போதும், செலவே இல்லை. தரைக்கு மேலே ஒன்றரை அடி மேடாகக் குவித்து விடுங்கள். இரண்டு மழைக்காலத்தில் அது தானாக இறங்கிச் சமமாகும். பள்ளம் விழுந்தால் மண் போட்டு நிரப்பும் பொறுப்பு யாருடையது என்பதைத் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். நாய் ஐந்து அடி தோண்டாது. ஆனாலும் வீட்டாரின் மன நிம்மதிக்காக முதல் சில வாரங்கள் மேட்டின்மேல் கருவேல முள்ளை வெட்டிப் போடுவது நம் கிராமங்களில் உள்ள வழக்கம். அதையே செய்யுங்கள்.

எதை மண்ணுக்குள் அனுப்புகிறோம் என்பதில்தான் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். பழைய குழியொன்றை மறு அடக்கத்துக்காகத் திறந்தபோது நான் அருகில் நின்றிருக்கிறேன். பலகை மட்கித் தூளாகிவிட்டிருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த பளபளப்பான பிளாஸ்டிக் சரிகை நேற்று வாங்கியது போல மின்னியது. தலையணைக்குள் இருந்த செயற்கைப் பஞ்சு அப்படியே இருந்தது. நைலக்ஸ் புடவையின் சிவப்பு நிறம்கூட மங்கவில்லை. குழி வெட்டுபவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டுக் கட்டினார். இவை எல்லாவற்றுக்கும் அந்தக் குடும்பம் அன்று விலை கொடுத்திருக்கிறது.

ஆகவே அம்மாவின் புடவை நூறு சதவீதம் பருத்தி என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பருத்தி போலத் தோன்றும் பலவற்றில் பாலியெஸ்டர் கலந்திருக்கும். ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானால் பருத்தி, உருகிக் கெட்டியான மணியானால் செயற்கை இழை. உள்ளாடை, ரவிக்கை, தைத்த நூல் வரை இதே கணக்கு. புடவைக்கு வெளியே கோரைப்பாய் ஒன்றைச் சுற்றிக் கயிற்றால் கட்டினால் உடல் வளையாமல் நிற்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். பிளாஸ்டிக் பாய் விற்கும் கடையில் கோரைப்பாய் என்று கேட்டு, தொட்டுப் பார்த்து வாங்குங்கள். கையில் வைக்கும் செபமாலையோ சிலுவையோ மரத்தாலானதாக இருக்கட்டும். மாலைகள் வாழைநாரில் தொடுத்தவையாக இருக்கட்டும். மருத்துவமனையில் இறந்தால், அங்கே செருகிய குழாய்கள், டயப்பர், உடலைச் சுற்றிய பிளாஸ்டிக் உறை ஆகியவற்றை அகற்றித் தரச் சொல்லுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி எடுத்துவிடுவது நல்லது. பிரேதப் பரிசோதனை செய்த உடலானால் துணியை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றி, அடியில் மரத்தூள் பரப்ப வேண்டும். தொற்றுநோயால் நேர்ந்த இறப்பு என்று சுகாதாரத் துறை அறிவித்தால், அந்த நேரத்தில் அவர்கள் சொல்லும் முறையே இறுதியானது.

அண்ணனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வாடகைக் குளிர்பெட்டி நம் ஊர்களில் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. இரண்டு மூன்று நாள் காத்திருக்க அது போதும். ஊசி போட்டுப் பதப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் முக்கியமாகச் சேர்ப்பது ஃபார்மலின். மண்ணில் உடலை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களையே அது கொன்றுவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. விமானத்தில் உடலைக் கொண்டுவரும்போதுதான் பதப்படுத்துவது தேவைப்படும். உங்கள் வீட்டில் விமானம் ஏறி வரப்போவது அண்ணன்.

வீட்டிலிருந்து தோட்டம் வரை உடலை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் பலருக்கும் தடையாக நிற்கிறது. வெறும் துணியோடு தெருவில் கொண்டுபோக மனம் ஒப்பாது. இதற்கு இஸ்லாமியர்களிடம் நல்ல வழி இருக்கிறது. பள்ளிவாசலில் சந்தூக் என்ற பொதுப்பெட்டி ஒன்று இருக்கும். எல்லாருடைய உடலையும், பணக்காரர் ஏழை என்ற பேதமில்லாமல், அதில்தான் சுமந்து செல்வார்கள். அடக்கம் முடிந்ததும் அது பள்ளிவாசலுக்கே திரும்பிவிடும். உங்கள் தோட்டத்துக்கும் தேக்கிலோ வேங்கையிலோ நன்றாகச் செய்த பொதுப்பெட்டி ஒன்று இருக்கட்டும். ஆலயத்தில் ஆராதனை நடக்கும்போது அதில் இருக்கலாம், ஊர்வலம் அதில் போகலாம். குழிக்கரையில் உடலைப் பலகையோடு வெளியே எடுத்து இறக்கிவிட்டு, பெட்டியைத் துடைத்து வைத்துவிடலாம். முதல் பெட்டியை அம்மாவின் பழைய மாணவர்கள் சேர்ந்து செய்து கொடுத்தால், அதில் எவ்வளவு பெருமை இருக்கிறது என்று பாருங்கள்.

இறக்குவதற்கு முதுகுக்குக் கீழே ஓர் அகலமான பலகை, அதன் அடியில் மூன்று பருத்தி நாடாக்கள், பக்கத்துக்கு மூன்று பேர். தலைப்பக்கம் இருப்பவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒன்றாக நாடாவை விட வேண்டும். இதை முதல் முறையாக அன்றைக்கே செய்து பார்க்கக் கூடாது. அறுபது கிலோ மணல் மூட்டையைப் பலகையில் கட்டி, குழுவினரும் குழி வெட்டுபவரும் ஒரு நாள் பழகிப் பார்க்கட்டும். குழி வெட்டுபவரைக் கூட்டத்துக்கும் அழையுங்கள். அந்த மண்ணை அவரைவிட அறிந்தவர் உங்கள் ஊரில் இல்லை. ஆறு அடிக் குழியில் மண் சரிந்தால் ஆபத்து அவருக்குத்தான். பக்கச் சுவரைப் படியாக வெட்டவும், கையுறை, காலணி வாங்கித் தரவும், கூடுதல் வேலைக்கு உரிய கூலியைக் குறிக்கவும் தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

வேப்பமரத்தின் விஷயத்தில் மட்டும் அம்மாவிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கும். அடிமரத்தை ஒட்டிக் குழி வெட்டினால் தாய் வேர்கள் அறுந்து, மரம் அடுத்த காற்றில் சாய்ந்துவிடக்கூடும். அடிமரத்திலிருந்து குறைந்தது பத்து அடி தள்ளி, நிழல் விழும் பகுதியில் இடம் பாருங்கள். மேட்டின்மேல் பெரிய மரம் வைக்க வேண்டாம். ஆலும் அரசும் பக்கத்துக் கல்லறைகளைப் பெயர்த்துவிடும். நந்தியாவட்டை, செம்பருத்தி, பவளமல்லி போதும். பூவரசும் புங்கனும் வேண்டுமானால் வேலியோரம் வைக்கலாம்.

1993-இல் இங்கிலாந்தில் கார்லைல் நகரக் கல்லறைத் தோட்டத்தில் இயற்கை அடக்கத்துக்கென ஒரு பகுதியைத் திறந்தார்கள். இன்று உலகமெங்கும் பேசப்படும் இந்த இயக்கம் தொடங்கியது அங்கேதான். அதைச் செய்த கென் வெஸ்ட் அந்த நகரசபையின் கல்லறைத் துறையில் வேலை பார்த்த அலுவலர். புதிய நிலம் வாங்கவில்லை. இருக்கும் நகரத் தோட்டத்திலேயே இடம் ஒதுக்கி, கல்லுக்குப் பதில் மரம் நட்டார்கள். நியூசிலாந்தில் வெலிங்டன் நகரசபை 2008-இல் மகாரா கல்லறைத் தோட்டத்தில் இதையே செய்தது. நகராட்சிக்குக் கடிதம் எழுதும்போது இந்த இரண்டையும் குறிப்பிடுங்கள். உள்ளாட்சி அலுவலர்களுக்கு இன்னோர் உள்ளாட்சி செய்தது என்றால் தயக்கம் குறையும்.

ஆனால் ஒரு விஷயத்தில் கார்லைலைப் பின்பற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இதற்கெனத் தனி மூலையை ஒதுக்கச் சம்மதிக்காதீர்கள். நம் நாட்டில் தனி மூலை என்றால் அதன் பொருள் வேறாகிவிடும். கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்குச் சுவர் எழுப்பியவர்கள் நாம். திருச்சி மேலப்புதூர்ச் சுவரை நாடே அறியும். இன்றைக்கு “இயற்கைப் பகுதி” என்று தொடங்குவது பத்தாண்டுகளில் “இல்லாதவர்கள் பகுதி” ஆகிவிடும். எல்லா வரிசையிலும், யார் கேட்டாலும், பெட்டி இல்லாமலும் கட்டுமானம் இல்லாமலும் அடக்கம் செய்யலாம் என்று தீர்மானம் இருக்கட்டும். பெட்டி வேண்டுபவர்கள் பெட்டியில் வைக்கட்டும். கட்டாயம் என்ற ஒரு சொல் மட்டும் நீங்கினால் போதும்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் இவ்வளவு எழுதுகிறேன். கூலி வேலை செய்யும் குடும்பத்தில் ஒரு சாவு விழுந்தால், அன்று இரவே யாராவது பெட்டிக்காகக் கடன் கேட்டுப் போகிறார்கள். வெல்வெட் ஒட்டிய ஒட்டுப்பலகைப் பெட்டி அது. சில மணி நேரம் கண்ணில் படும், பிறகு மண்ணுக்குள் போகும். அதற்கு மாதக்கணக்கில் வட்டி கட்டுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களால் முடியாது. சொன்னால் வசதியில்லாததால்தான் சொல்கிறார்கள் என்று ஊர் பேசும். தலைமையாசிரியராக இருந்தவர், பெட்டி வாங்க எல்லா வசதியும் உள்ளவர், எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அந்தப் பேச்சு அடங்கிவிடும். உங்கள் அம்மா கேட்பது தனக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

இடத்தைப் பற்றியும் குழுவிடம் பேசுங்கள். எந்த நகரத்திலும் கல்லறைத் தோட்டம் இனி பெரிதாகப் போவதில்லை. கான்கிரீட் கட்டிய இடம் போனது போனதுதான். நேரடியாக மண்ணில் வைத்த உடலின் தசைப்பகுதி நம் சீதோஷ்ணத்தில் ஓரிரு ஆண்டுகளில் மண்ணாகிவிடும். எலும்புகள் மண்ணின் தன்மையைப் பொறுத்துக் கூடுதல் காலம் இருக்கும். எத்தனை ஆண்டு கழித்து அந்த இடத்தை அதே குடும்பம் மறுபடி பயன்படுத்தலாம் என்பதைக் குழு நகராட்சியோடு கலந்து முடிவு செய்யட்டும். கல்லறைத் திருநாளுக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்ற ஓர் அடையாளம் வேண்டும் என்பார்கள், சரிதான். தரையோடு தரையாக, ஓர் அடி அகலத்தில், பெயரும் ஆண்டும் பொறித்த கல் போதும். வரிசை எண், குழி எண், ஆழம், தேதி எல்லாம் பதிவேட்டிலும் வரைபடத்திலும் ஏற வேண்டும். மேலே கட்டுமானம் இல்லாதபோது பதிவேடு தவறினால் இடமே தெரியாமல் போய்விடும். இறப்பைப் பதிவு செய்ய 21 நாள் அவகாசம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் எந்த மாற்றமும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். அம்மா தன் கைப்பட ஒரு பக்கத்தில் விருப்பத்தை எழுதட்டும். நீங்களும் அண்ணனும், முடிந்தால் போதகரும், சாட்சிக் கையெழுத்து இடுங்கள். நீதிமன்ற உத்தரவு போல அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் அன்றைய நாளில் பெரியப்பா வீட்டாரோ சித்தி வீட்டாரோ வேறு சொல்லத் தொடங்கினால் அந்தக் காகிதம் பேசும். ஒரு நகலைக் குழுவின் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். முடியுமானால் அம்மாவையே கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். மூத்த உறுப்பினர் அவரிடம் படித்தவராகவோ, அவருடைய பிள்ளைகள் படித்தவர்களாகவோ இருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது.

கார்த்திகையில் மூன்று துளைகளிலும் நீர் நின்ற ஆழத்தையும், கண்மாய்க் கரையிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்பதையும் தோட்டத்தின் கைவரைபடத்தோடு எழுதி அனுப்புங்கள். எந்த வரிசைகள் தகும், எவற்றை விட வேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன்.